தாய்லாந்து: வீட்டுக்காரர் டி.எம். 30 போடவில்லை, விசா முடிய ஒன்பது நாள்தான் இருக்கிறது

ஆவணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பாங்காக்கிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு தொழிற்பேட்டை ஊரில் இருக்கிறோம். கணவருக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. நானும் நான்கு வயது மகளும் அவரைச் சார்ந்த விசாவில் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. இந்த 90 நாள் விசா முடிவதற்குள் ஒரு வருட நீட்டிப்பு வாங்க வேண்டும். அதற்காக நேற்று இமிகிரேஷன் போனோம்.

காலை ஏழரைக்கே வரிசையில் நின்று டோக்கன் வாங்கினோம். பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். கடவுச்சீட்டு நகல், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, ஒவ்வொரு நகலின் ஓரத்திலும் நீல மையில் கையெழுத்து. மகள் என் மடியிலேயே தூங்கிவிட்டாள். அவளுடைய காகிதங்களிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த பெண் அதிகாரி பொறுமையாக ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டுக் கடைசியில் "டி.எம். 30?" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கம்பெனியில் கொடுத்த பட்டியலில் அப்படி ஒன்றே இல்லை. வெளிநாட்டவர் தங்கியிருப்பதை அறிவிக்கும் படிவமாம், வீட்டுக்காரர் போட்டிருக்க வேண்டுமாம். அதை முடித்துக்கொண்டு வாருங்கள் என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கார அம்மாவுக்கு ஃபோன் செய்தால் சிரித்துக்கொண்டே "மை பென் ராய்" என்கிறார். பரவாயில்லையாம். விசா முடிய ஒன்பது நாள் இருக்கும்போது எப்படிப் பரவாயில்லை? அதற்கு மேல் பேச எனக்கு மொழி தெரியாது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், எழுதுவது இதுதான் முதல்முறை. யாராவது வழி சொல்லுங்கள்.


நெல்லைச்சீமை

ஆவணி, பயப்படாதீர்கள். தாள்கள் கைக்கு வந்துவிட்டால் அரை நாள் வேலை இது. நான் இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது, இதே இடத்தில் முட்டிக்கொண்டு நின்ற பலரைப் பார்த்திருக்கிறேன்.

டி.எம். 30 நீங்கள் போட வேண்டிய விண்ணப்பமே இல்லை. வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டின் பொறுப்பாளர் அறிவிக்க வேண்டும் என்று 1979ஆம் வருடத்துக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு சொல்கிறது. ஹோட்டலில் தங்கும்போது அவர்களே செய்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. சொந்த வீட்டை வாடகைக்கு விடுகிற பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தாமதத்துக்கான அபராதம் வீட்டுக்காரர் பெயரில்தான், அதிகபட்சம் 2,000 பாத். நடைமுறையில் நாம்தான் கட்டிவிட்டு வருகிறோம். நான் இரண்டு முறை கட்டியிருக்கிறேன். அந்தப் பணத்துக்காக வீட்டுக்காரரோடு வாக்குவாதம் செய்து நாளைத் தொலைக்காதீர்கள்.

அவரிடம் கேட்க வேண்டியவை: அடையாள அட்டை நகல், "தபியன் பான்" என்கிற நீல நிற வீட்டுப் புத்தகத்தின் நகல், இரண்டிலும் அவருடைய கையெழுத்து, வாடகை ஒப்பந்தம், அப்புறம் உங்களுக்கு ஓர் அதிகாரக் கடிதம். இவ்வளவும் இருந்தால் நீங்களே கொண்டுபோய்ப் பதியலாம், அவர் வர வேண்டியதில்லை. அவருக்குக் கணினியில் கை வரும் என்றால் இணையத்திலேயே முடித்துவிடலாம். எதுவானாலும் இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்கிற தாள் அலுவலகத்துக்கு அலுவலகம் கொஞ்சம் மாறும்.

அவர் நழுவினால் பெரும்பாலும் காரணம் வரி. வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டியிருக்க மாட்டார்கள். பதிந்தால் வரி அலுவலகம் வந்து நிற்கும் என்று பயம்.


வடக்குவாசல்

கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். துபாயில் இருந்தேன், சிங்கப்பூரில் இருந்தேன், இப்போது ஆறு வருடமாகச் சியாங் மாய். எந்த நாட்டில் தாள் கேட்காமல் விட்டார்கள்? வீடு பார்க்கும்போதே "டி.எம். 30 போட்டுத் தருவீர்களா" என்று கேட்டு, ஒப்பந்தத்திலும் அதை எழுதி வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். வந்த இடத்தில் நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீட்டிப்பு வேறு, 90 நாள் ரிப்போர்ட் வேறு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 90 நாளுக்கு ஒருமுறை இன்ன முகவரியில்தான் இருக்கிறேன் என்று சொல்வது மட்டும்தான் ரிப்போர்ட். கட்டணம் கிடையாது. கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை செய்யலாம். விட்டால் 2,000 பாத். நடுவில் நாட்டை விட்டு வெளியே போய் வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. நீட்டிப்பு என்பது இங்கே தங்குவதற்கான அனுமதியேதான். அது தப்பினால் நாள் ஒன்றுக்கு 500 பாத், உச்சம் 20,000. பணத்தை விடுங்கள், கடவுச்சீட்டில் விழும் கறை பெரிது.


மழைத்தூறல்

வடக்குவாசல், நீங்கள் சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் "வீடு பார்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும்" என்பது, பிடித்த வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். இரண்டு வருடம் முன்பு பாங்காக்கில் நாங்கள் வீடு தேடியபோது ஏஜெண்ட் கேட்ட முதல் கேள்வி எந்த நாடு என்பது. இந்தியா என்றதும், மசாலா சமைப்பீர்களா, எத்தனை பேர் வந்து தங்குவீர்கள் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். காண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகள் ஐந்து பார்த்தோம், மூன்று வீட்டுக்காரர்கள் மாட்டேன் என்றார்கள். நான்காமவர் சரி என்றபோது நான் டி.எம். 30 பற்றியா கேட்பேன்? இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கினேன். கையில் சாவி வந்த பிறகுதான் மூச்சே வந்தது.

ஆவணி, நம்மை இங்கே "கேக்" என்பார்கள். காதில் விழுந்திருக்கும். விருந்தாளி என்பதும் அதே சொல்தான். இந்தியர், மலாய்க்காரர், அரபியர் எல்லோருக்கும் சேர்த்து அதைச் சொல்வார்கள். சிலர் அதைச் சொல்லும் தொனியில் இளக்காரம் இருக்கும். முதல் வருடம் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். தமிழர்கள் 1870களில் கட்டிய கோயில். உள்ளே கூட்டத்தில் பாதிக்கு மேல் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் இளநீருமாகத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் மாரியம்மன் கோயில் என்றால் விழிப்பார், "வாட் கேக்" என்றால்தான் தெரியும். வாட் என்றால் கோயில். அதே சொல்லைத்தான் அந்தக் கூட்டம் கும்பிட்டுக்கொண்டே சொல்கிறது. அதனால் சொல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், சொல்கிறவர் முகத்தைப் பார்க்கிறேன்.

வீட்டுக்கார அம்மாவிடம் ஃபோனில் பேசாதீர்கள், நேரில் போங்கள். இங்கே "க்ரெங் ஜாய்" என்று ஒன்று உண்டு. அடுத்தவருக்குச் சங்கடம் கொடுக்கக் கூசுகிற மனம். உங்கள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல அவருக்கு வராது, அதனால்தான் சிரிப்பு. "மை பென் ராய்" என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று மென்மையாகச் சொல்கிறார்.


முதலெழுத்து

என்னுடையதையும் சொல்கிறேன், குழந்தையோடு இருக்கிறவர்களுக்கு உதவும்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் கடவுச்சீட்டில் அந்த இடம் காலி. இங்கே எந்தப் படிவமும் அதைக் காலியாக விட விடாது. வங்கியில் என் பெயரையே இரண்டு முறை எழுதினார்கள், மருத்துவமனையில் அப்பா பெயரைப் போட்டார்கள், இன்னோர் இடத்தில் ஒரு கோடு. இத்தனைக்கும் இந்த நாட்டுக்கே குடும்பப் பெயர் 1913இல் ஆறாம் ராமா மன்னர் காலத்துச் சட்டத்தில் வந்ததுதான். இன்றும் ஒருவரை ஒருவர் முதற்பெயரிலோ செல்லப் பெயரிலோதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் படிவத்துக்கு அதெல்லாம் தெரியாது.

அதைவிடப் பெரிய சிக்கல், நம் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதுவது. அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் ல, ர இரண்டும் ன் என்றுதான் ஒலிக்கும். குமார் என்று எழுதினாலும் குமான் என்று படிப்பார்கள். கடைசி ஷ், ஸ் எல்லாம் த் ஆகிவிடும். கணேசரையே "ப்ரா பிக்கனேத்" என்றுதான் வணங்குகிறார்கள். காதால் கேட்டு எழுதுகிறவர் ஒரு மாதிரி எழுதுவார், ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுகிறவர் வேறு மாதிரி. என் ஒர்க் பெர்மிட்டில் ஒரு மாதிரி இருந்தது, மகன் பிறந்தபோது பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் இன்னொரு மாதிரி வந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது. மொழிபெயர்ப்பு, சான்றொப்பம், தூதரகக் கடிதம், மறுபடி மாவட்ட அலுவலகம் என்று நாலு பக்கம் ஓடினேன். கைக்குழந்தைக்குக் கடவுச்சீட்டு வாங்க முடியாமல் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது.

அதனால் முதல் ஆவணத்தில் உங்கள் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். சரியோ தப்போ, அதையே படம் பிடித்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்திலும் பேனாவை எடுப்பதற்கு முன் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.


ஆவணி

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்குச் சாயங்காலமே நேரில் போகிறேன். முதலெழுத்து அண்ணா, எங்கள் மகள் பெயர் முகில். பக்கத்து வீட்டுப் பாட்டி "முகின், முகின்" என்று ஏன் கூப்பிடுகிறார் என்று இப்போதுதான் புரிகிறது!

மழைத்தூறல் அக்கா, ஒரு சின்னக் கேள்வி. நான் சைவம். முட்டையும் கிடையாது. வெளியே எதைச் சாப்பிடுவது?


மழைத்தூறல்

"மங்ஸவிரத்" என்று கேட்காதீர்கள். மாம்ச விரதி என்ற சொல்தான் அது, ஆனால் முட்டை வரும், பல கடைகளில் மீன் சாறும் வரும். "ஜே" என்று கேளுங்கள். அது சீன வழி விரதச் சாப்பாடு. மாமிசம், முட்டை, பால், பூண்டு, வெங்காயம் எதுவும் இருக்காது. மஞ்சள் கொடியில் சிவப்பில் அந்த எழுத்து இருக்கும், ஒரு தரம் பார்த்தால் மறக்காது. செப்டம்பர் அக்டோபரில் அந்தத் திருவிழா வரும்போது ஒன்பது நாள் ஊரே மஞ்சளாகிவிடும், உங்களுக்குக் கொண்டாட்டம்தான். மற்ற நாளில் வெறும் கீரை வதக்கலில்கூடச் சிப்பிச் சாறும் "நாம் ப்ளா"வும் விழும். "மை சை நாம் ப்ளா" என்று சொல்லுங்கள், மீன் சாறு போட வேண்டாம் என்று அர்த்தம். சொன்னாலும் பழக்கதோஷத்தில் கை போய்விடும், பக்கத்தில் நின்று பாருங்கள்.

சமையலுக்கு உளுந்து, பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் பாங்காக்கில் பாஹுரத் கடைகளில் கிடைக்கும். மாதம் ஒருமுறை போனால் போதும். முருங்கைக்காய் உங்கள் ஊர்ச் சந்தையிலேயே இருக்கும், "மா ரும்" என்று கேளுங்கள். புளியும் தேங்காயும் நம் ஊரைவிடத் தாராளம்.


கொள்ளிடக்கரை

ஆவணி, நீட்டிப்பு கிடைத்த கையோடு நீங்கள் செய்ய வேண்டிய இன்னொன்று இருக்கிறது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

நீட்டிப்பு முத்திரை விழுந்த பிறகு, ரீ-என்ட்ரி பெர்மிட் என்கிற திரும்பி வருவதற்கான அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் அந்த ஒரு வருடம் அப்படியே போய்விடும். திரும்பி வரும்போது முதலிலிருந்து விசா வாங்க வேண்டும். ஒரு தடவைக்கு 1,000 பாத், அந்த வருடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் போய்வர 3,800.

2019இல் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அண்ணன் ஃபோன் செய்தான். அப்பா போய்விட்டார். கையில் கிடைத்த சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு சுவர்ணபூமி விமான நிலையத்துக்கு ஓடினேன். வழியில் உடன் வேலை செய்பவர் ஒருவர் ஃபோனில் "ரீ-என்ட்ரி போட்டிருக்கிறாயா" என்று கேட்டார். அப்படி என்றால் என்ன என்றேன். விமான நிலையத்திலேயே அதற்கு ஒரு மேசை உண்டு, பணமும் புகைப்படமும் வைத்துக்கொள் என்று அவர்தான் சொன்னார். என்னிடம் புகைப்படம் இல்லை. அங்கேயே எடுத்தார்கள். அழுது வீங்கிய முகத்தோடு இருக்கும் அந்தப் படம் இன்னும் என் பழைய கடவுச்சீட்டுக்குள் இருக்கிறது. அந்த ஒரு ஃபோன் வந்திருக்காவிட்டால், காரியம் முடிந்து திரும்பும்போது வேலையும் விசாவும் சிக்கலில் நின்றிருக்கும்.

பல தடவைக்கான பெர்மிட்டையே வாங்குங்கள். நம் எல்லோருக்கும் ஊரில் வயதான பெற்றோர் இருக்கிறார்கள்.


வடக்குவாசல்

கொள்ளிடக்கரை, படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. ஆவணி, நான் முன்பு எழுதியது கொஞ்சம் கறாராக இருந்தது, மன்னியுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்தத் தாள்கள் எதையும் ஹெச்.ஆர். பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள். அவர்களுக்கு உங்கள் கணவரின் ஒர்க் பெர்மிட்தான் வேலை. குடும்பத்தின் தேதிகள் அவர்கள் நாட்காட்டியில் இருக்காது. அதைவிட முக்கியம்: வேலை போனால், வேலையை வைத்து வாங்கிய நீட்டிப்பும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அவரைச் சார்ந்த உங்கள் அனுமதியும் அதோடு சேர்ந்து போகும். 1,900 பாத் கட்டி ஏழு நாள் வாங்கலாம், அவ்வளவுதான். ஏழு நாளில் ஒரு குடும்பத்தையும் பள்ளிக்கூடத்தையும் வீட்டு முன்பணத்தையும் எப்படிச் சமாளிப்பது? 2020இல் என் நண்பர் அப்படித்தான் மாட்டினார். ராஜினாமா கொடுப்பதாக இருந்தால் கடைசி நாள் எது என்பதைப் பேசி முடிவு செய்துவிட்டுக் கடிதம் கொடுங்கள்.


பாக்குமரம்

இழை திசைமாறினால் மன்னிக்கவும். போன வாரம் காவ் யாய் வனப்பூங்காவுக்குப் போனோம். உள்ளூர்க்காரர்களுக்கு 40 பாத், எங்களுக்கு 400. இங்கேயே வரி கட்டுகிறோம், சமூகப் பாதுகாப்புக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். பிள்ளைகள் முன்னால் "நீங்கள் அந்தப் பக்கம்" என்று கை காட்டியது எனக்கு வலித்தது.


நெல்லைச்சீமை

வலிக்கும்தான். தாய்லாந்து ஓட்டுநர் உரிமம் காட்டினால் சில இடங்களில் உள்ளூர்க் கட்டணம் வாங்கிக்கொள்வார்கள், சில இடங்களில் மாட்டார்கள். முன்கூட்டியே தெரியாது. பாங்காக் அரண்மனையில் உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், நமக்கு 500.

ஆனால் மாமல்லபுரத்தையும் நினைத்துப் பாருங்கள். கடற்கரைக் கோயிலுக்கு இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதே பலகையில் பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவர்க்கு இந்தியர் கட்டணம்தான் என்று இருக்கும். தாய்லாந்து அந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது. ஆக, தாய்லாந்துக்காரர் அங்கே வந்தால் 40 ரூபாயில் பார்த்துவிட்டுப் போகலாம். இந்தப் பக்கமும் அப்படி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

சமூகப் பாதுகாப்பைச் சொன்னீர்களே, அதைப் பயன்படுத்துகிறீர்களா? பதிந்த மருத்துவமனைக்குப் போனால்தான் செல்லும். பலர் எந்த மருத்துவமனை என்றே பார்க்காமல் வருடக்கணக்கில் கட்டுகிறார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதாக மாற்றிக்கொள்ளுங்கள்.


ஆவணி

முடிந்தது! நடந்ததை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் நான் நேரே வீட்டுக்கார அம்மாவிடம் போகவில்லை. எங்கள் குடியிருப்பின் "நித்தி" என்கிற நிர்வாக அலுவலகத்தில் உட்காரும் பெண்ணிடம் முதலில் போனேன். நம் நீதி என்ற சொல்தான் அது என்று பின்னால் கணவர் சொன்னார். அந்தப் பெண்ணே என்னை அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் எலுமிச்சை சாதம் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப்போனேன். நெல்லைச்சீமை சொன்னது அப்படியே சரி, அம்மாவுக்கு வரி பயம். அந்தப் பெண் அரை மணி நேரம் அவர்களுடைய மொழியில் நிதானமாகப் பேசினார். "போய்ச் சொல்ல வேண்டியது இமிகிரேஷனில், வரி அலுவலகத்தில் இல்லை" என்பதுதான் பேச்சின் சாரம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அம்மா உள்ளே போய் வீட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். துணிக்கடைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கள் கடவுச்சீட்டுகளை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தபடி விரலால் தட்டினார். நடுவில் இரண்டு தடவை தப்பாகி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் "பீ" என்று கூப்பிட்டேன், நம் அக்கா மாதிரி. அவர் என்னை "நோங்" என்றார். மகள் பெயரை மட்டும் கடைசி வரை முகின் என்றுதான் படித்தார்.

மறுநாள் காலை ரசீது அச்செடுத்துக்கொண்டு போனோம். தாமதத்துக்கான அபராதத்தை நாங்களே கட்டினோம். ஆளுக்கு 1,900 வீதம் மூன்று பேருக்கும் நீட்டிப்பு, ஒரு வருட முத்திரை விழுந்துவிட்டது. கொள்ளிடக்கரை அண்ணா, அங்கேயே ரீ-என்ட்ரியும் போட்டுவிட்டேன், மூன்று பேருக்கும் பல தடவைக்கானது. என் அப்பாவுக்கு வயது 74.

ஒரே ஒரு சந்தேகம். 90 நாள் ரிப்போர்ட் நான் இன்னும் ஒருமுறைகூடச் செய்யவில்லை. தப்பாகிவிட்டதா?


வடக்குவாசல்

இல்லை. முதல் முறை நீட்டிப்புக்கு விண்ணப்பித்ததையே முதல் 90 நாள் அறிவிப்பாக எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நாள் எது என்று கடவுச்சீட்டில் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறார்களா பாருங்கள். வருடம் 543 கூட்டி எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், அது புத்த ஆண்டு.


ஆவணி

இருக்கிறது. ஸ்டேப்ளர் பின் போட்டிருக்கிறார்கள், மகளுடையதிலும். மூன்று பேர் தேதியையும் ஃபோனில் ஏற்றிவிட்டேன், 15 நாள் முன்னாலேயே மணி அடிக்கிற மாதிரி.